உன் பெயரில் ஒரு சீட்டு

உன் கைப்பை என் மேசைமேல்தான் இருக்கிறது. இன்று காலை ஜிப்பைத் திறந்ததும் தலைவலித் தைலமும் மக்ரூன் தூளும் கலந்த அதே வாசனை வந்தது. பாட்டு நடக்கும்போதே இந்தப் பைக்குள் கைவிட்டு, ஒரு மக்ரூனை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டுவாய். "தின்னுளா, சத்தம் வராது," என்பாய். முறுக்கு கடித்தால் தாளம் கெடும், மக்ரூன் ஒன்றுதான் கச்சேரிக்கு ஏற்ற தின்பண்டம் என்று சட்டமே வைத்திருந்தாய். அந்த வாசனைக்கு எனக்கு அழுகை வரவேண்டும். ஆனால் ஆத்திரம்தான் வருகிறது. செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று எங்கள் ஆழ்வார்திருநகரியில் சொல்வார்கள். நான் திட்டத்தான் போகிறேன். கேட்டுக்கொள்.

நாம் பழகியதே ஒரு கல்யாண வரவேற்பில்தான். எட்டயபுரம் ரோட்டு மண்டபம். எங்கள் பள்ளிக்கூடத்துக் கிளார்க் மகளுக்குக் கல்யாணம். மரியாதைக்கு வந்து நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் கசங்கிய சேலையும் தோளில் இந்தப் பையுமாக நீ. துறைமுகத்துப் பக்கம் கிளியரிங் ஆபீசில் வேலை முடித்து பஸ்ஸுக்கு நடந்தவள், உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டு ஏறி வந்துவிட்டாய். "மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல. பாட்டு கேக்க வந்தேன். ஒங்களுக்கு ஒண்ணும் சேதமில்லயே?" என்றாய். பாட்டுக்கு வந்தவள் பந்தியில் உட்கார்ந்தால் அது திருட்டு என்பது உன் கொள்கை. அன்றைக்கு நானும் சாப்பிடாமல் உன்னோடு எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாப் வருவதற்குள் நான் உனக்கு "ஏளா" ஆகிவிட்டேன்.

அதற்கப்புறம் தூத்துக்குடியில் ஆள் நின்று பாடுகிற இடம் எதையும் நாம் விட்டுவைக்கவில்லை. கல்யாண மண்டபங்கள், அம்மன் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா மைதானம், மார்கழியில் பள்ளிக்கூட ஹாலில் வாய்ப்பாட்டு, பீச் ரோட்டு ஓட்டல் மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் மூன்று பேர் வாசிக்கிற பேண்டு, கடற்கரைப் பூங்காவின் திறந்த மேடை. நான் செருப்பு மாட்டும்போதே என் வீட்டுக்காரர் "சபா கிளம்பியாச்சா?" என்று கேலி பண்ணுவார். எந்த மண்டபத்தில் எந்தத் தூணுக்குப் பின்னால் எதிரொலி இல்லாமல் கேட்கும் என்பது நமக்கு மனப்பாடம்.

திறந்தவெளி என்றால் நீ முதலில் காற்றைப் பார்ப்பாய். தருவைகுளத்தில் வள்ளம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவளுக்கு நாற்காலி போடக்கூடக் காற்றைப் பார்க்கத்தான் தோன்றும். முந்தானையைத் தூக்கிப் பிடித்து, "இன்னைக்குக் கச்சான்ளா, மேக்கருந்து அடிக்கி. மேடைக்குக் கெழக்க போய் உக்காருவோம், பாட்டு தானா வந்து மடியில விழும்," என்பாய். அப்படியே விழும். முன்வரிசையில் சோபாவில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத புல்லாங்குழல் மூச்செல்லாம் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிற நமக்குக் கேட்கும். இப்போதும் நான் முந்தானையைத் தூக்கித்தான் பார்க்கிறேன். அதைக்கூட உன்னிடமிருந்து கற்றேன் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

நீ பாட்டுக்கு மட்டுமா வந்தாய்? பழி தீர்க்கவும் வந்தாய். மெல்லிசைக் கச்சேரியில் நேயர் விருப்பம் கேட்டுச் சீட்டு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். பாட்டின் முதல் வரி, கேட்பவர் பெயர், ஊர் எழுதிக் கொடுத்தால், சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குப் போகும். தொகுப்பாளர் மைக்கில் வாசிப்பார். நீ ஒரு தடவைகூட உன் பெயரை எழுதியதில்லை. அந்த வாரம் யார் நம்மை நோகடித்தார்களோ அவர்கள் பெயரை எழுதுவாய். லீவு தராத உன் மேனேஜர் பெயரில் தாலாட்டு. உன் மதினி பெயரில் "பத்தினி" என்று தொடங்கும் பாட்டு. என் தலைமையாசிரியை பெயரில் குடிகாரன் தள்ளாடிக்கொண்டு பாடுகிற பாட்டு. ஊரே கேட்க அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் வரும்போது நீ முகத்தை வைத்துக்கொள்கிற பவ்யம் இருக்கிறதே, நற்கருணை வாங்கப் போகிறவள் மாதிரி இருப்பாய். "கோவத்த மனசுல வச்சா பித்தப்பையில கல்லா நிக்கும்ளா. சீட்டுல எழுதி மேடைக்கு அனுப்பிரு," என்பாய். ஆபீசில் வீணான ஃபாரங்களின் பின்பக்கத்தில் முதலில் கிறுக்கிப் பார்ப்பாய். அப்புறம் வேறு தாளில், உன் கையெழுத்து தெரியாதபடி கட்டம் கட்டமாக எழுதி அனுப்புவாய். கிறுக்கிய தாளைக் கிழித்துப் போட மாட்டாய், பைக்குள் வைத்துக்கொள்வாய். அந்த வழக்கம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பூங்கா மேடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. "ரசிகர்கள்ல யாராவது பாடுறீங்களா?" என்று தொகுப்பாளர் கேட்டார். மூன்று வாரமாக என்னைத் தயார் பண்ணியவள் நீ. எங்கள் அப்பா கோயிலில் கோஷ்டியில் நின்று பாசுரம் சேவிப்பார். நான் வீட்டுக்குள் அதையே மெல்ல முணுமுணுத்து வளர்ந்தவள். வெளியே யாரும் என் குரலைக் கேட்டதில்லை. நீ கேட்டாய், மொட்டை மாடிப் பேண்டு இடைவேளை விட்டபோது, தற்செயலாக. அன்றிலிருந்து ஒரே நச்சரிப்பு. பழைய மழைப் பாட்டு ஒன்றை நீதான் தேர்ந்தெடுத்தாய். "போளா. நான் இங்கனதான் இருக்கேன்," என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாய். நான் ஏறினேன்.

பல்லவி பாடினேன். முதல் சரணமும் பாடினேன். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் உன் முகம் தெரியவில்லை. ஆனால் கூட்டம் அமைதியாகக் கேட்டது எனக்குத் தெரிந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக என் குரல் கடல் பக்கம் போய்த் திரும்பி வருவதைக் கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற இசை நடக்கும்போது ஒரு சீட்டு மேடைக்கு வந்தது. தொகுப்பாளர் வேடிக்கைக்காரர், யோசிக்காமல் மைக்கில் வாசித்துவிட்டார். "பாடுகிற டீச்சரை உட்காரச் சொல்லவும். இது பாட்டா, அட்டெண்டன்ஸ் எடுப்பதா? இப்படிக்கு ஒரு ரசிகர்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. கீபோர்டுக்காரர்கூடச் சிரித்தார். இசை முடிந்து என் இடம் வந்தது. என் வாய் திறக்கவில்லை. மைக்கை அதன் கம்பியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தேன். மாட்டியது சரியாக உட்காராமல் என் பின்னால் அது கீழே விழுந்த சத்தமும் ஒலிபெருக்கியில் கேட்டது.

அன்றைக்கு நீ போட்ட நாடகத்தைச் சொல்லவா? என் கையைப் பிடித்துக்கொண்டு, முகம் தெரியாத அந்தப் பாவியை நீ விட்ட சாபத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். "அவன் கை அழுகிப் போவ!" என்றாய். வீடு வரைக்கும் கூட வந்தாய். மறுநாள் போன் பண்ணி, "ஏளா, அட்டெண்டன்ஸுன்னு எழுதிருக்கான்னா அது பள்ளிக்கூடத்து ஆளுதாம்ளா. ஒங்க பி.டி. சாரு முன்னால இருந்து பல்லக் காட்டுனத நான் பாத்தேன்," என்றாய். எங்கள் விளையாட்டு ஆசிரியர் அன்று மனைவியோடு நமக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலேயே உரக்கச் சிரித்தவர் அவர்தான். நான் நம்பினேன்.

ஐந்து வருஷம் அந்த மனிதரை நாம் விட்டோமா? மண்டபம், மைதானம், மொட்டை மாடி எங்கே போனாலும் அவர் பெயரில் ஒரு சீட்டு. மாமியாருக்குப் பயந்த மருமகன் பாட்டு, கிழவன் காதலிக்கிற பாட்டு, கழுதையைப் பற்றிய பாட்டு. எழுதுவது நீ, யோசித்துச் சொல்வது நான். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் சிரிப்பும் பகையும் ஒன்றாக வரும். இத்தனைக்கும் நடுவில் என் குரல் போனது போனதுதான். அடுக்களையில்கூடப் பாடவில்லை. எங்கள் ஊர்த் தேர் வீதியில் பெண்களெல்லாம் சேர்ந்து பாடும்போதுகூட வாயை மட்டும் அசைத்தேன். நீ அதைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

போன வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை என்று ஆரம்பித்து வேறு எதுவோ என்று ஆனது. ஆறே வாரம். ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டாய்: "ஏளா, நீ இனிமே பாடவே மாட்டியா?"

"அந்தச் சீட்டு எழுதினவன் மண்ணுக்குள்ள போகட்டும். அப்புறம் பாடறேன்," என்றேன்.

நீ மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்ப சீக்கிரமே பாடிருவ," என்றாய்.

பி.டி. சார் சர்க்கரை வியாதிக்காரர், அவரைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை விதை எடுத்து ஊட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் என் கை பற்றி எரிகிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் தங்கை இந்தப் பையைக் கொண்டு வந்தாள். "அக்கா ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிச்சு. வேற யாரும் தொறக்கக் கூடாதாம்," என்றாள். ஜெபப் புத்தகத்துக்கு அடியில் நீ கிறுக்கிய தாள்களெல்லாம் ஒரு கட்டாக இருந்தன. மேனேஜர், மதினி, தலைமையாசிரியை, வரிசையாக பி.டி. சார். எனக்குக் கண்ணீர் முட்டியது. சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசித் தாள் ஒரு பழைய கன்டெய்னர் ஃபாரம். அதில் உன் சொந்தக் கையெழுத்தில் இரண்டு வாசகம். மேலே இருந்தது: "இந்த டீச்சர் மாதிரி ஒருத்தி பாடி இந்த மேடை கேட்டதில்லை. அவளை இன்னொரு பாட்டுப் பாடச் சொல்லவும்." அதன் அடியில் உன் பெயர், வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்த வாசகத்தையும் பெயரையும் ஒரே கோடாக அடித்திருந்தாய். அடித்ததற்குக் கீழே, அன்று மேடையில் வாசித்த அந்த அட்டெண்டன்ஸ் வாசகம்.

ஏன் என்று யோசித்தேன். ஒருநாள் நீ சொன்னது ஞாபகம் வந்தது. இருபது வயதில் கோயில் பாடகர் குழுவிலிருந்து உன்னை நிறுத்திவிட்டார்களாம். "என் குரலக் கேட்டா சிப்பி வாயத் தொறக்காதாம்ளா," என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். நான் பாடிய ஒரு பல்லவிக்கும் ஒரு சரணத்துக்கும் நடுவில், மேலே இருந்த வாசகத்திலிருந்து கீழே இருந்த வாசகத்துக்கு இறங்கிவிட்டாய். காரணம் புரிகிறது. புரிந்துவிட்டால் பொறுத்துப்போக வேண்டும் என்று யார் சொன்னது? போவதற்கு முன்னால் சாமியாரைக் கூப்பிட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணினாயாம், உன் தங்கை சொன்னாள். அவரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கியிருப்பாய். அவரா மேடையில் நின்றார்? என்னிடம் சொல்ல உனக்கு ஐந்து வருஷத்துச் சனிக்கிழமைகள் இருந்தன. நான் உன்னைப் பிடித்து உலுக்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பையை அனுப்புகிறாய்.

ஆகவே நானும் சீட்டு எழுதத் தொடங்கினேன். ஆயுதம் நீ கொடுத்ததுதான். உனக்கு ஆகவே ஆகாதது அழுகைப் பாட்டு. "அழுவாச்சிய வீட்டுலயே கேக்கலாம்ளா, அதுக்கு எதுக்கு மைக்கு?" என்று எழுந்தே போய்விடுவாய். இந்தப் பத்து மாதமாக இந்த ஊரில் எங்கே பாட்டு நடந்தாலும் தனியாகப் போகிறேன். உன் பெயர், உன் ஊர் எழுதி, இருப்பதிலேயே இழுவையான ஒப்பாரிப் பாட்டாகக் கேட்கிறேன். "தருவைகுளத்திலிருந்து விரும்பிக் கேட்டவர்..." என்று உன் பெயரை மைக்கில் வாசிக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருக்கும். ஒரு கல்யாண வரவேற்பில் உன் பெயரில் மூன்று அழுகைப் பாட்டு அடுத்தடுத்துப் பாட வைத்தேன். பெண் வீட்டார் பதறிப்போய் மேடைக்கு ஓடினார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பி வந்தேன். உன் கொள்கையை மட்டும் மீறவில்லை.

போன சனிக்கிழமை மொட்டை மாடிப் பேண்டில், உன் பெயரை வாசித்து முடித்ததும், பின்னாலிருந்து ஒருவர் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். பி.டி. சார். "டீச்சர், தப்பா நெனைக்காதிய. ஒங்க சிநேகிதியம்மா தவறிட்டாவன்னுதான கேள்விப்பட்டேன்? பொறவு யாரு சீட்டு அனுப்புதா?" என்றார்.

இனி மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயரில் ஐந்து வருஷம் சீட்டு அனுப்பியது நாங்கள்தான் என்று சொல்லும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை. அவர் சிரித்தார், அதே உரத்த சிரிப்பு.

"எனக்குத் தெரியுமே டீச்சர். மொத தடவ வாசிச்சப்ப எம் பொண்டாட்டி மொறைச்சா. பொறவு அவளே கேக்க ஆரம்பிச்சிட்டா, இந்த வாரம் எங்கன பாட்டு, ஒங்க பேரு வருமான்னு. இருபத்தஞ்சு வருசமா நான் விசில் ஊதுதேன். எம் பேர மைக்கில வாசிக்க வச்சது நீங்க ரெண்டு பேருந்தான்."

ஐந்து வருஷப் பழி அந்த மனிதருக்குத் திருவிழாவாக இருந்திருக்கிறது. அவர் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குப் பூங்காவுல அந்தச் சீட்டு எங் கை வழியாத்தான் மேடைக்குப் போச்சு. வாசிச்சுட்டுச் சிரிச்சிட்டேன். அது தப்புதான். அந்தம்மா குடுத்ததுன்னு அப்பவே தெரியும்."

"ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு பேரும் சேந்து வருவிய, சேந்து போவிய. அதக் கெடுத்து நான் என்ன செய்ய?" என்றார். அப்புறம், "பாட்டுல பாதி பாக்கி இருக்குல்லா டீச்சர்?" என்று கேட்டார்.

அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அழுகைப் பாட்டெல்லாம் உனக்கு ஒரு தண்டனையா? சரியான தண்டனையை நீயே எழுதி, நீயே அடித்து, பைக்குள் வைத்து எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூங்கா மேடையில் வேறு ஒரு குழு, தொகுப்பாளர் ஒரு இளம்பெண். முந்தானையைத் தூக்கிப் பார்த்தேன், கச்சான். மேடைக்குக் கிழக்கே போய் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் உன் பையை வைத்தேன். நீ அடித்த வாசகத்தை ஒரு எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதினேன். அடியில் உன் பெயரை எழுதினேன். இரண்டு வரிசை முன்னால் இருந்த பி.டி. சாரிடம் நீட்டினேன். அவர் இந்தத் தடவை படிக்கவில்லை. மடித்தபடியே முன்னால் கொடுத்தார்.

"ஒரு வித்தியாசமான சீட்டு வந்திருக்கு," என்றாள் அந்தப் பெண். மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். இந்த டீச்சர் மாதிரி ஒருத்தி பாடி இந்த மேடை கேட்டதில்லை என்று, உன் பெயரோடு, கடற்கரை முழுக்கக் கேட்டது. நீ சொல்ல மனம் வராமல் அடித்துப் போட்டதை ஊரறியச் சொல்ல வைத்துவிட்டேன். "யாரு அந்த டீச்சர்? மேடைக்கு வாங்க," என்றாள் அந்தப் பெண். ஏறினேன். அந்தப் பழைய மழைப் பாட்டைச் சொன்னேன். "பல்லவியிலேருந்தா?" என்று கேட்டார் கீபோர்டுக்காரர். "வேண்டாம், அது பாடியாச்சு. இரண்டாவது சரணம்," என்றேன்.

குரல் முதல் வரியில் கொஞ்சம் கரகரத்தது. ஆறு வருஷத்துத் துரு. மூன்றாவது வரியில் திறந்துகொண்டது. யாரும் சிரிக்கவில்லை. முடித்ததும் பி.டி. சார் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அந்தப் பெண் மைக்கை வாங்கிக்கொண்டு, "டீச்சரைப் பாடச் சொல்லிச் சீட்டு அனுப்பிய அம்மா எங்க இருக்கீங்க? ஒரு தடவை எழுந்து நில்லுங்க, எல்லாரும் பார்க்கட்டும்," என்றாள். தலைகள் எல்லாம் திரும்பின. யாரும் எழுந்திருக்கவில்லை. மேடையிலிருந்து பார்த்தால், விளக்கு வெளிச்சத்தையும் மீறி, அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உன் பை மட்டும் தெரிந்தது.

அந்தக் கன்டெய்னர் ஃபாரத்தை நான் கிழிக்கப் போவதில்லை. அடித்த கோட்டோடு, அட்டெண்டன்ஸோடு, அது இந்தப் பையிலேயே இருக்கும், நான் போகிற இடத்துக்கெல்லாம் வரும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆறு வருஷம் என்னை உட்கார வைத்தாய். இனி நான் நிற்கிறேன். நீ உட்கார்ந்து கேள்.